பழைய மரக்கடைசல் பொறியும் அதன் உதிரிப் பாகங்களும்

மரக்கடைசல் பொறி என்பது மரத்துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பிடித்து உருண்டை வடிவப் பொருள்களைச் செய்ய உதவும் பொறியாகும். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டை, பம்பரம், மாடிப்படித் தூண், மிருதங்கக் கட்டை முதலியன இதில் கடையப்படுகின்றன. இப்பொறியைக் கொண்டு தொழில் நடக்கும் இடம் தமிழகத்தில் கடைசல் பட்டறை எனப்படுகிறது.

வார்ப்பிரும்பால் ஆன கடைசல் பொறி இரண்டு மூன்று தலைமுறைகள் உழைக்கக் கூடியது. ஆனால் அதைச் செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், அல்லது அந்த வகையைச் செய்வதை நிறுத்தியிருக்கலாம். அந்நிலையில் ஒரு சிறு பாகம் தேய்ந்தாலும் உடைந்தாலும் பொறி முழுவதும் நின்றுபோகிறது. நின்ற பொறி சில மாதங்களில் துருவேறி, இறுதியில் காயலான் கடைக்கு எடைக்கு எடையாகப் போகிறது. பெரும்பாலான பாகங்களை இன்றும் வாங்கவோ செய்துகொள்ளவோ முடியும். அதற்குப் பொறியைச் சரியாக அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை மரக்காணம் கடற்கரைப் பகுதியை முன்வைத்து அம்முறைகளை விளக்குகிறது.

மரக்காணம் பகுதியும் இரண்டு அளவு முறைகளும்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பரந்த உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மேற்கே திண்டிவனமும் தெற்கே புதுச்சேரியும் இப்பகுதியினர் பட்டறை வேலைக்குச் செல்லும் நகரங்கள். தென்மேற்கே உள்ள பண்ருட்டியின் பலாமரம் மிருதங்கம், வீணை ஆகிய இசைக்கருவிகளுக்குப் பெயர்பெற்றது.

பழைய பொறிகளைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மரக்காணம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அருகிலுள்ள புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயப் பொறிகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. பிரான்சில் 1840 முதல் மீட்டர் முறையே கட்டாயம். எனவே பிரெஞ்சுத் தயாரிப்புகள் மீட்டர் அளவில் அமைந்தன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரும் பழைய வரைபடங்களைக் கொண்டு அங்குல அளவிலேயே பொறி செய்த பட்டறைகள் இருந்தன.

ஆகவே பொறி வந்த ஊரையோ அதன் வயதையோ வைத்து இது அங்குல அளவு, இது மில்லிமீட்டர் அளவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. அளந்து பார்த்த பின்பே சொல்ல முடியும். பழுது பார்த்த பொறியானால், ஒரே பொறியில் இரண்டு அளவுகளும் கலந்திருப்பதும் உண்டு.

பொறியின் முக்கியப் பகுதிகள்

உதிரிப் பாகம் தேடுமுன் பாகங்களின் பெயர்களை அறிந்திருத்தல் நல்லது. பட்டறைகளில் ஆங்கிலப் பெயர்களே வழங்குவதால் அவையும் இங்கே தரப்படுகின்றன.

படுகை: பொறியின் நீண்ட அடித்தளம். பட்டறையில் இதை பெட் என்பர். மற்றப் பகுதிகள் இதன்மேல் அமர்கின்றன.

தலைப்பகுதி: இடப்புறம் நிலையாக இருப்பது. ஹெட் ஸ்டாக் எனப்படுவது இதுவே. இதனுள் ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டு பேரிங்குகளில் சுழல்கிறது.

வால்பகுதி: படுகையின்மேல் முன்னும் பின்னும் நகரக் கூடியது. டெயில் ஸ்டாக் என்று பெயர். மரத்தின் மறுமுனையைத் தாங்குகிறது.

உளிதாங்கி: உளியை ஊன்றிக்கொள்ளும் கட்டை. டூல் ரெஸ்ட் எனப்படும். இதைப் படுகையில் பிணைக்கும் அடித்தாங்கிக்கு பாஞ்சோ என்று பெயர்.

துணைக்கருவிகள்: மரத்தைக் கவ்வும் சக், திருகாணியால் மரத்தைப் பிணைக்கும் முகத்தட்டு, மரத்தில் பதிந்து சுழற்றும் பல்முனை, வால்பகுதியில் மரத்தோடு சேர்ந்து சுழலும் முனை ஆகியன.

பொறியின் அளவைச் சொல்வதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலேய வழக்கில் படுகையிலிருந்து மையம் வரை உள்ள உயரமே பொறியின் அளவு. அமெரிக்க வழக்கில் படுகையில் இடிக்காமல் சுழலக் கூடிய மிகப் பெரிய விட்டமே அளவு. எனவே ஆங்கிலேயர் 6 அங்குலப் பொறி என்பதை அமெரிக்கர் 12 அங்குலப் பொறி என்பர். பழைய விலைப்பட்டியலைப் பார்த்துப் பாகம் கேட்போர் இதைக் கவனிக்காவிட்டால் பாதி அளவுள்ள அல்லது இரு மடங்கு அளவுள்ள பாகமே வந்து சேரும்.

சுழல்தண்டின் மரை

சக், முகத்தட்டு ஆகியவை சுழல்தண்டின் மூக்கில் உள்ள மரையில் திருகி மாட்டப்படுகின்றன. இந்த மரை எது என்று தெரிந்துவிட்டால் துணைக்கருவித் தேடலில் பாதி வேலை முடிந்தது. இதற்கு ஐந்து செய்திகள் தேவை.

முதலாவது, மரையின் வெளி விட்டம். வெர்னியர் அளவியால் மூன்று இடங்களில் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய மரை தேய்ந்திருக்கும் என்பதால் 25.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 25.1 அல்லது 25.2 என்று காட்டலாம்.

இரண்டாவது, மரையின் நெருக்கம். அங்குல மரையானால் ஓர் அங்குலத்தில் எத்தனை வரிகள் என்று எண்ண வேண்டும். மெட்ரிக் மரையானால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். மரை அளவுச் சீப்பு இல்லாதவர்கள் வெள்ளைத் தாளை மரையின்மேல் வைத்து அழுத்தினால் வரிகள் தாளில் பதியும். அவற்றை அளவுகோலால் எண்ணலாம். ஒரே ஒரு வரியை அளப்பதைவிடப் பத்து வரிகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுப்பது துல்லியமானது.

மூன்றாவது, வரியின் கோணம். 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்தது 60 பாகை. இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகையே. ஓர் அங்குல விட்டத்தில் ஆங்கிலேய மரைக்கும் அங்குலத்துக்கு 8 வரிகள், அமெரிக்க மரைக்கும் 8 வரிகள். எனவே அமெரிக்க சக் ஆங்கிலேயப் பொறியில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் கோணம் வேறாதலால் வரிகளின் சரிவுகள் முழுமையாக ஒட்டா. ஓடும்போது சக் ஆட்டம் காணும், அல்லது இறுகிக் கழற்ற முடியாமல் போகும்.

நான்காவது, திருகும் திசை. முன்புற மரை வலப்பக்கம் திருகுவது. பெரிய கிண்ணங்களைக் கடைவதற்காகச் சில பொறிகளில் தலைப்பகுதியின் பின்புறத்திலும் மரை உண்டு. அது இடப்பக்கம் திருகுவது. அங்கே வலப்பக்க மரையுள்ள முகத்தட்டு பொருந்தாது.

ஐந்தாவது, மரைக்குப் பின்னாலுள்ள தோள். சக்கின் பின்புறம் இந்தத் தோளில் தட்டையாக உட்கார்ந்தால்தான் நேராகச் சுழலும். தோளில் துருவோ பிசிறோ இருந்தால் புதிய சக்கும் கோணலாகவே ஓடும். மரையின் நீளத்தையும் தோளின் விட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று கடைகளில் கிடைக்கும் மரக்கடைசல் சக்குகள் பெரும்பாலும் அமெரிக்க முறையில் 1 அங்குலம், 8 வரி என்ற அளவிலோ, ஐரோப்பிய முறையில் 33 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மில்லிமீட்டர் இடைவெளி என்ற அளவிலோ வருகின்றன. பழைய பொறியின் மரை இவற்றில் ஒன்றாக இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. உட்பகுதியை மட்டும் மாற்றக் கூடிய சக்கை வாங்கி, அந்த உட்பகுதியை உள்ளூர் லேத் பட்டறையில் பழைய மரைக்கு ஏற்பச் செய்துகொள்ளலாம். அல்லது ஒரு பக்கம் பழைய மரையும் மறுபக்கம் புதிய மரையும் கொண்ட இணைப்பைச் செய்துகொள்ளலாம். இரண்டாவது முறையில் சக் முன்னால் தள்ளி நிற்பதால் அதிர்வு கூடும். ஆகவே முதல் முறையே சிறந்தது.

டர்னரிடம் அளவை எழுதிக் கொடுப்பதைவிடச் சுழல்தண்டையே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அவர் வெட்டும் மரையை அதிலேயே ஏற்றிச் சரிபார்த்துக்கொள்வார். கழற்ற முடியாத பொறியானால், அதற்குச் சரியாகப் பொருந்தும் பழைய முகத்தட்டு ஒன்றைக் கொண்டு முதலில் மாதிரித் தண்டு ஒன்றைச் செய்யச் சொல்லி, பின்பு அந்தத் தண்டையே அளவாகப் பயன்படுத்தலாம்.

மோர்ஸ் கூம்பு

சுழல்தண்டின் உள்ளேயும் வால்பகுதியின் உள்ளேயும் சற்றே குறுகிச் செல்லும் துளை இருக்கும். பல்முனையும் வால்முனையும் இத்துளையில் திருகோ ஆணியோ இல்லாமல் உராய்வினாலேயே இறுகி நிற்கின்றன. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் உருவாக்கிய இம்முறை மோர்ஸ் கூம்பு எனப்படுகிறது. 20 அளவு நீளத்துக்கு ஏறத்தாழ 1 அளவு என்ற விகிதத்தில் இது குறுகுகிறது.

மோர்ஸ் கூம்புகள் 0 முதல் 7 வரை எண்களால் குறிக்கப்படுகின்றன. மரக்கடைசல் பொறிகளில் காணப்படுபவை பெரும்பாலும் மூன்று: 1ஆம் எண்ணின் அகன்ற முனை 12.065 மில்லிமீட்டர், 2ஆம் எண்ணின் முனை 17.78 மில்லிமீட்டர், 3ஆம் எண்ணின் முனை 23.825 மில்லிமீட்டர். துளையின் வாயை அளந்தாலே எந்த எண் என்று தெரிந்துவிடும்.

இம்முறை உலோகக் கடைசல் பொறிகளிலும் துளையிடும் பொறிகளிலும் அப்படியே வழங்குவதால், இப்பாகங்கள் பழைய பொறிக்கும் கடையிலேயே புதிதாகக் கிடைக்கும். எண் மாறுபட்டால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் உறைகளும் கிடைக்கின்றன. மிகப் பழைய பொறிகளிலும் சில சிறு பட்டறைத் தயாரிப்புகளிலும் மோர்ஸ் அல்லாத கூம்புகள் இருக்கலாம். சரியான எண்ணுள்ள முனையின்மேல் பென்சிலால் நீளவாக்கில் கோடு இழுத்து, துளையில் செருகித் திருப்பி எடுத்தால், கோடு முழுவதும் ஒரே சீராக அழிந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் அது வேறு கூம்பு, அல்லது துளை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பேரிங்

சுழல்தண்டைத் தாங்குபவை இரண்டு வகை. மிகப் பழைய பொறிகளில் வெண்கலப் புஷ் அல்லது வெள்ளை உலோகம் வார்த்த தாங்கி இருக்கும். இவை எங்கும் ஆயத்தமாகக் கிடைக்கமாட்டா. ஆனால் எந்த லேத் பட்டறையிலும் வெண்கலத் துண்டைக் கடைந்து புதிய புஷ் செய்யலாம். தண்டு தேய்ந்திருந்தால் முதலில் தண்டைச் சமன்படுத்தி, அதன் பின்னரே அந்த அளவுக்குப் புஷ் கடைய வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலை வீணாகும்.

பிற்காலப் பொறிகளில் பால் பேரிங் இருக்கும். இதன் ஓரத்தில் பொறித்துள்ள எண்ணைக் கண்டுபிடித்தால் போதும். இவ்வெண்கள் உலகப் பொதுவானவை. தயாரித்த நிறுவனம் எதுவானாலும் அளவு மாறாது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேலானால் அவற்றை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. 6206 என்றால் 30, 62, 16.

ஆங்கிலேயப் பொறிகளில் அங்குல பேரிங் இருக்கக் கூடும். ஓர் அங்குல உள்விட்டமுள்ள ஆர்எல்எஸ் 8 என்னும் வகையின் வெளிவிட்டம் 57.15 மில்லிமீட்டர், அகலம் 15.875 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 25 மில்லிமீட்டர் பேரிங்கைப் போட்டுவிடலாம் என்று தண்டைத் தேய்ப்பது தவறு. அங்குல பேரிங் இன்றும் விற்கப்படுகிறது. தண்டைத் தேய்த்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப முடியாது.

பெல்ட், புல்லி, மோட்டார்

தோல் பட்டையில் ஓடிய பொறிகளுக்கு இப்போது ரப்பர் பூசிய கித்தான் பட்டையையோ நைலான் பட்டையையோ வெட்டி இணைத்துக்கொள்ளலாம். வி வடிவ பெல்ட்டில் ஏ வகையின் மேலகலம் 13 மில்லிமீட்டர், பி வகைக்கு 17 மில்லிமீட்டர். அதனுடன் வரும் எண் உட்சுற்றளவை அங்குலத்தில் குறிக்கும். ஏ 42 என்றால் ஏ வகை, 42 அங்குலம். பழைய பெல்ட்டில் எழுத்து அழிந்திருந்தால் இரண்டு புல்லிகளையும் சுற்றிக் கயிறு போட்டு அளந்து சொல்லலாம்.

வேகக் கணக்கு எளியது. மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, சுழல்தண்டுப் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்றுள்ள மோட்டாரில் 3 அங்குலப் புல்லியும் தண்டில் 6 அங்குலப் புல்லியும் இருந்தால் 1440 × 3 ÷ 6 = 720 சுற்றுகள். பழைய பொறிகளில் மோட்டார் புல்லியே காணாமல் போயிருக்கும். அவ்விடத்தில் கிடைத்த புல்லியை மாட்டும் முன் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பொறியின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் ஏறத்தாழ 115 வோல்ட்டுக்கும் உரியது. அதை நம் 230 வோல்ட் இணைப்பில் நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும் 50 ஹெர்ட்ஸில் வேகம் குறைந்து சூடேறும். உள்ளூர் மோட்டார் ஒன்றைப் பொருத்துவதே உகந்தது. சிறு பொறிகளுக்கு அரைக் குதிரைத்திறன் பெரும்பாலும் போதுமானது.

வார்ப்புப் பாகங்கள்

உளிதாங்கி, அடித்தாங்கி, கைச்சக்கரம், பிணைப்புக் கட்டை ஆகியவை வார்ப்பிரும்பால் ஆனவை. கீழே விழுந்தால் உடைந்துவிடும். பழைய பொறிகளில் மிகுதியாகக் காணாமல் போவனவும் இவையே.

உடைந்த துண்டுகள் அனைத்தும் கையில் இருந்தால் பித்தளை வைத்து ஒட்டுவதோ நிக்கல் கம்பியால் பற்றவைப்பதோ இயலும். இரண்டிலும் வார்ப்பை முன்னரே சீராகச் சூடேற்றி, பின் மெதுவாக ஆறவிட வேண்டும். குளிர்ந்த வார்ப்பில் நேராகப் பற்றவைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே புதிய விரிசல் விழும்.

பாகமே இல்லையென்றால் இரண்டு வழிகள். உளிதாங்கி போன்ற எளிய பாகத்தை எஃகுத் துண்டுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்யலாம்; வார்ப்பைவிட உறுதியாகவே இருக்கும். வளைவுகள் நிறைந்த பாகமானால் மரத்தில் மாதிரி செய்து வார்ப்பகத்தில் கொடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். எனவே 200 மில்லிமீட்டர் பாகத்துக்கு மாதிரி 202 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடைந்து சமன்படுத்தும் பரப்புகளுக்கு மேலும் 3 மில்லிமீட்டர் அளவு கூட்டுவது வழக்கம். உடைந்த பழைய பாகத்தையே மாதிரியாகக் கொடுத்தால் வரும் வார்ப்பு சற்றுச் சிறுத்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேறொரு பொறியின் வால்பகுதியை வாங்கிப் பொருத்தும்போது மைய உயரம் ஒத்திருக்க வேண்டும். வாங்கிய வால்பகுதி தாழ்வாக இருந்தால் அடியில் தகடு வைத்து உயர்த்தலாம். தலைப்பகுதியிலும் வால்பகுதியிலும் கூர்முனைகளைச் செருகி ஒன்றோடொன்று தொடுமாறு நகர்த்தினால் இரு கூர்களும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் இதைப் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது

முதலில் அருகில் உள்ள இடங்களைப் பார்ப்பதே செலவு குறைந்த வழி. பேரிங், பெல்ட், மோட்டார் ஆகியவை திண்டிவனம், புதுச்சேரிக் கடைகளிலேயே கிடைக்கும். மரை வெட்டுதல், புஷ் கடைதல் போன்றவற்றுக்கு இந்நகரங்களின் லேத் பட்டறைகளும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளும் உதவும். புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிறு சந்தையில் பழைய கைக்கருவிகள் விற்பனைக்கு வருவதுண்டு.

சென்னையில் பாரிமுனையை ஒட்டிய லிங்கிச் செட்டி தெருவும் அதன் சுற்றுத் தெருக்களும் பொறி உதிரிப் பாகங்களுக்கும் கருவிகளுக்கும் பெயர்பெற்றவை. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் தொடங்கியது. அங்கும் அம்பத்தூரிலும் சிறு இயந்திரப் பட்டறைகள் மிகுதி. வார்ப்புக்குத் தமிழகத்தில் முதன்மையான ஊர் கோயம்புத்தூர். பம்பு, மோட்டார்த் தொழிலோடு சேர்ந்து அங்கு வார்ப்பகங்கள் வளர்ந்தன. வட இந்தியாவில் பஞ்சாபின் பட்டாலா கடைசல் பொறிகளுக்கும் வார்ப்புகளுக்கும் பெயர் பெற்றது.

தொழில் தெரிந்தவர்களைக் கேட்பது கடைகளைத் தேடுவதைவிடப் பயன்தரும். திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான்களும், கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் அரக்கு வண்ணப் பொம்மைகளும் கடைசல் பொறியிலேயே செய்யப்படுகின்றன. பொறிகளைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளும் பழக்கமுள்ள கைவினைஞர்கள் இத்தகைய ஊர்களில் இருப்பர். பண்ருட்டிப் பக்கம் மிருதங்கக் கட்டை கடைவோரிடமும் விசாரிக்கலாம். பயன்பாட்டில் இல்லாத தச்சு வகுப்புப் பொறிகளைப் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏலம் விடும்போது, உதிரிப் பாகத்துக்காகவே முழுப் பொறி ஒன்றை வாங்குவது சில சமயம் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக அமையும்.

தேடிச் செல்வோர் கையில் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். பொறியின் பெயர்த்தகடு, மைய உயரம், மரையின் ஐந்து செய்திகள், கூம்பு எண், பேரிங் எண், பெல்ட் எண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பாகத்தின் படத்தை அளவுகோலோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டால் கடைக்காரர் உடனே பதில் சொல்ல முடியும்.

உப்புக் காற்றும் துருவும்

மரக்காணம் போன்ற கடற்கரையில் பொறிக்கு உழைப்பால் வரும் தேய்மானத்தைவிட நின்றிருப்பதால் வரும் துருவே பெரிய கேடு. காற்றில் வரும் உப்புத் துகள் இரும்பின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடற்கரை இரவுகளில் இந்த ஈரப்பதம் இயல்பானது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சும். அதனால் வெயில் காயும் பகலிலும் இரும்பின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தே இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய கடற்கரை அரிப்பை ஆராய்வதற்காகவே மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்துள்ளது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. துருவைத் தேய்த்து எண்ணெய் பூசினால் மட்டும் போதாது. துருவின் அடியில் தங்கிய உப்பை முதலில் நல்ல நீரால் கழுவி எடுக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். இப்பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் என்பதால் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்த வேண்டும். கழுவிய உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் இட வேண்டும்.

கடுந்துருவேறிய சிறு பாகங்களை மின்னாற்பகுப்பு முறையில் சுத்தம் செய்யலாம். நெகிழித் தொட்டியில் 4 லிட்டர் நல்ல நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையைப் பாகத்துடனும் நேர்முனையைக் கழிவு இரும்புத் துண்டுடனும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பு போடக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் துண்டை வைக்கக் கூடாது. நச்சுக் குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். எரியக் கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

படுகையின் வழவழப்பான பரப்பைக் கரடுமுரடான உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. எண்ணெய் விட்டு நுண்ணிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, இறுதியில் மெழுகு பூசினால் வால்பகுதி எளிதாக நகரும். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாக இறுகும். எனவே இயந்திர எண்ணெயே ஏற்றது. புஷ் உள்ள பொறிக்கு மெல்லிய எண்ணெயும், திறந்த பால் பேரிங்குக்கு கிரீஸும் இட வேண்டும். புதிதாக வாங்கும்போது இருபுறமும் மூடிய பேரிங்கை வாங்கினால் மரத்தூளும் உப்பும் உள்ளே புகா.

புயல் வெள்ளத்தில் நனைந்த பொறி

2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இக்கடற்கரைப் பகுதியில் கரை கடந்தன. வெள்ளத்தில் மூழ்கிய பொறியை நீர் வடிந்ததும் ஓட்டிப் பார்ப்பது இருவகையில் தீங்கு. மோட்டார் எரியலாம், ஓட்டுபவருக்கு மின் அதிர்ச்சி ஏற்படலாம். பேரிங்கினுள் புகுந்த சேறும் மணலும் தண்டையும் கெடுக்கும். மின் இணைப்பைத் துண்டித்து, மோட்டாரைக் கழற்றிப் பணியாளரிடம் அனுப்பி, மற்றப் பாகங்களை நல்ல நீரால் கழுவிக் காயவைத்து எண்ணெயிட வேண்டும். இதை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தால் பெரும்பாலான பொறிகள் பிழைக்கும். ஒரு மாதம் கழித்துச் செய்தால் வால்பகுதியின் திருகே அசையாமல் பிடித்துக்கொள்ளும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் மோட்டாரை மட்டுமாவது கழற்றி உயரத்தில் வைப்பது நல்ல முன்னேற்பாடு.

பாதுகாப்பு

பழைய பொறிகளில் பெல்ட் மூடி பெரும்பாலும் இருக்காது. வேட்டி நுனியும் துண்டும் தொங்கும் கைச்சட்டையும் அதில் சிக்கும். தகட்டால் ஒரு மூடி செய்து பொருத்துவதே முதலில் செய்ய வேண்டிய துணைக்கருவி வேலை.

மாற்றுப் பாகங்கள் பொருத்திய பொறியை மெதுவான வேகத்தில் மரமின்றி ஓட்டிப் பார்த்த பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று வேகத்தால் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர் கையாளும் கணக்கு. 6 அங்குல மரத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுகள், 10 அங்குல மரத்துக்கு 600 முதல் 900 சுற்றுகள். சமன் இல்லாத மரத்துக்கு இதைவிடவும் குறைக்க வேண்டும். விரிசல் உள்ள முகத்தட்டு, தேய்ந்த மரையுள்ள சக் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா

இம்முடிவை எடுக்க மூன்று பகுதிகளைப் பார்த்தால் போதும்: படுகை, தலைப்பகுதியின் வார்ப்பு, சுழல்தண்டு. படுகை வளையாமலும் விரிசலின்றியும் இருந்து, தலைப்பகுதியின் பேரிங் இருக்கைகள் தேயாமல் இருந்து, சுழல்தண்டின் மரை பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் பொறியைக் காப்பாற்றலாம். பேரிங், பெல்ட், மோட்டார், சக், முனைகள், உளிதாங்கி, கைச்சக்கரம் ஆகிய எல்லாம் வாங்கவோ செய்யவோ கூடியவை. சுழல்தண்டைக்கூட நல்ல டர்னர் புதிதாகச் செய்துவிடுவார்.

படுகையோ தலைப்பகுதியின் வார்ப்போ விரிசல் விட்டிருந்தால் அப்பொறியை ஓட்டுவது ஆபத்து. அப்போதும் முழுப் பொறியையும் எடைக்குப் போடத் தேவையில்லை. வால்பகுதி, உளிதாங்கி, புல்லிகள், முகத்தட்டு ஆகியவற்றைக் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு, அளவுகளை எழுதிய சீட்டைக் கட்டி வைத்தால், அதே வகைப் பொறி வைத்திருக்கும் இன்னொரு பட்டறைக்கு அவை பயன்படும். காயலான் கடையில் இரும்பு விலை மட்டுமே பெறும் ஒரு வால்பகுதி, அது இல்லாமல் நின்றுபோயிருக்கும் பட்டறைக்கு ஒரு குடும்பத்தின் வருமானம்.